நூறுக்காரரின் இடது கண்

கண்டியில் பெரிய துரை முதல் சாக்குத் தூக்குகிறவர் வரை அத்தனை பேரையும் வாசற்படியில் நிறுத்திவைத்த ஒரே மனிதர் எங்கள் நூறுக்காரர்தான். கவர்னர் வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பார். கவர்னர் அந்தப் பக்கம் வரவில்லை, தப்பித்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு காப்பிக் கிட்டங்கி இருந்தது. தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் வரும் காப்பிக்கொட்டையை அங்கே காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள். என் அப்பா வண்டி ஓட்டினார். அம்மா சுளகு என்கிற முறத்தை வைத்துக் கொட்டை பொறுக்கினாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சனிக்கிழமையும் லீவு நாளும் மட்டும் அம்மாவோடு போய்ப் பொறுக்குவேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவள் நான். இங்கே இதை ஒரு தடவைதான் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஏழு தடவை சொல்வேன்.

பொறுக்கிய கொட்டையைக் கடைசியாகப் பார்த்து, "இது மொதல் தரம், இது ரெண்டாந்தரம், இதை மாடு கூட மோந்து பார்க்காது" என்று தீர்ப்புச் சொல்கிற வேலை நூறுக்காரருடையது. அவருடைய நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது. பொறுக்குகிற பெண்கள் நேரில் "அண்ணே" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நூறுக்காரர் என்பார்கள். அந்த நூறுக்கு ஒரு கதை உண்டு.

நல்ல வெயிலிலிருந்து கிட்டங்கிக்குள் நுழைந்தால் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாது அல்லவா? அதற்குக் காரணம் கண்ணின் நடுவிலிருக்கும் கறுப்புப் பொட்டு என்று நூறுக்காரர் சொல்வார். வெயிலில் அது கடுகாகச் சுருங்கிக் கிடக்கும். இருட்டுக்கு வந்தபின் மெல்ல மிளகாகும், அப்புறம் கடலையாகும். பொட்டு விரியாத கண்ணோடு கொட்டையைப் பார்க்கிறவன், கொட்டைக்குத் துரோகம் செய்கிறவன். ஆகவே வெளியிலிருந்து வருகிற எவரும் வாசற்படியைத் தாண்டியதும் நின்று, நூறு எண்ணிவிட்டுத்தான் சுளகுப் பக்கம் வரவேண்டும். அவரே எண்ணுவார். எண்ணி முடித்ததும் நம் முகத்துக்கு அருகில் குனிந்து இரண்டு கண்ணையும் பார்ப்பார்.

"ம், விரிஞ்சிருச்சு. போ."

சிலருக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை கிடைக்காது. "உனக்கு இன்னும் கடுகுதான். இன்னொரு நூறு நில்லு" என்பார். அந்த இரண்டாவது நூறுக்குள் வேலைக்கு வந்த பெண்கள் வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் வெளியிலும் இருட்டு, உள்ளேயும் இருட்டு. அப்போதும் எண்ணுவார். "பொட்டுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது பாருங்க."

இதில் விலக்குப் பெற்றது கிட்டங்கிப் பூனை ஒன்றுதான். வெயிலில் அதன் கண்ணில் ஒரு கோடு. உள்ளே வந்தால் வட்டம். "அதுக்கு நூறு எதுக்கு? மூணு போதும்" என்று பெருமூச்சு விடுவார். பூனையாகப் பிறக்காமல் போனோமே என்ற ஏக்கம் அந்தப் பெருமூச்சில் நன்றாகத் தெரியும்.

அவருடைய நூறில் ஒரு ஓட்டை இருந்தது. முதல் நாளே கண்டுபிடித்தவள் நான்தான். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, எழுபது என்று போவார்.

"ஐயா, அறுபது?" என்றேன்.

"என்னா அறுபது?"

"அறுபதிலிருந்து அறுபத்தொன்பது வரைக்கும் பத்து இருக்குங்க. விட்டுட்டீங்க."

திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். "யாரு இது?"

"என் மக அண்ணே. பள்ளிக்கூடத்துல படிக்குது."

"அப்படியா? வாங்க பள்ளிக்கூடம், உள்ள வாங்க. இத்தனை வருசமா இந்த அறுபது இல்லாமத்தான் கொட்டை சீமைக்குப் போயிருக்கு. அங்க யாரும் திருப்பி அனுப்பலை."

அன்றிலிருந்து என் பெயர் பள்ளிக்கூடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அறுபதை நினைவூட்டுவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் எழுபதுக்குத் தாவுவார்.

பொட்டு வெளிச்சத்துக்கு மட்டும் அசைவதில்லை, மனதுக்கும் அசையும் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. பயந்தால் விரியும், ஆசைப்பட்டால் விரியும். பொறுக்குகிற பெண் ஒருத்தியைப் பார்க்க அம்பிட்டியவிலிருந்து மாப்பிள்ளை வந்தபோது, நூறுக்காரரையும் பெரிய மனிதராகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, சீர்வரிசை பேசவில்லை. மாப்பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கிட்டங்கியில் தீர்ப்பு வந்தது.

"பொண்ணு வந்து நின்னப்போ பொட்டு அசையலை. பணியாரத் தட்டு வந்துச்சு பாரு, ரெண்டு பொட்டும் தட்டு அகலம்!"

கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை இப்போது வாசலுக்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறார். பணியாரம் சுட்டே தன் கை தேய்ந்துவிட்டது என்கிறாள் அவர் மனைவி.

இப்படி ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவர் தன் கண்ணைப் பார்க்க மடியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி வைத்திருந்தார். தினமும் காலையில் வாசலில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார். ஒரு லீவு நாள் காலையில் பார்த்தார். கண்ணாடியை மடியில் வைக்கவில்லை. வெயிலுக்குப் போனார், பார்த்தார். உள்ளே வந்தார், பார்த்தார். ஏழெட்டு முறை வெளியே போய் உள்ளே வந்தார். பிறகு தலைப்பாகையை இறக்கி இடது கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு, "தூசி" என்றார்.

அன்று அவர் முதல் தரம் என்று தள்ளிய குவியலில் என் அம்மா மூன்று கறுப்புக் கொட்டை கண்டாள். சொல்லவில்லை, பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் போனது. தூசி போய்விட்டது என்று கட்டை அவிழ்த்தவர், அடுத்த இரண்டாம் நாளே மறுபடி கட்டிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை சாக்கு தூக்குகிற ஒருவர் இடித்ததில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. எல்லோரும் பார்த்துவிட்டோம். நல்ல வெயில் நேரம். வலது கண்ணில் கடுகு. இடது கண்ணில் கடலை.

"அடி ஆத்தே! ஒரு கண்ணு இங்க பார்க்குது, ஒரு கண்ணு எமலோகம் பார்க்குது!" என்றாள் ஒருத்தி.

"கண்ணேறுதான் இது. எத்தனை பேரு கண்ணைப் பார்த்தாரு? அத்தனையும் ஒண்ணாச் சேர்ந்து திரும்பிக்கிச்சு" என்று என் அம்மா உப்பும் மிளகாயும் தேடப் போனாள்.

நூறுக்காரர் மெதுவாகச் சொன்னார். "வலது சொன்னபடி கேக்குது. இடது வெயிலுக்கும் சுருங்க மாட்டேங்குது. கிட்டக்க வச்ச கொட்டை மங்கலாத் தெரியுது."

அந்த இடத்தில் ஒரு படித்த பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் உடம்பைப் பற்றிய பாடத்தில் கண்ணுக்கு நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியையும் எடுத்து விட்டேன்.

"அந்தப் பொட்டுக்குப் பாவை என்று பெயர். இரண்டு பாவையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் பெரிதானால் தலைக்குள்ளே கோளாறு. சிலவேளை ஆள் பிழைப்பதே கஷ்டம்."

சொல்லும்போது எவ்வளவு கணீரென்று சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது. நூறுக்காரர் போய் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் கிட்டங்கிக் கணக்கு எழுதும் கிளாக்கர் நின்றதை நான் கவனிக்கவில்லை.

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் நின்று நின்று தன் கால் வீங்கிவிட்டது என்று நூறுக்காரர்மேல் பழைய கோபம். தரம் பார்க்கத் தோதான மச்சான் ஒருவரும் அவருக்கு இருந்தார்.

"உண்மையோ பிள்ளை? தலைக்குள்ள பிழை எண்டு புத்தகத்திலயே கிடக்கோ?"

"கிடக்கு" என்றேன், பெருமையாக.

அன்று மாலையே செய்தி துரைக்குப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை துரை தானே வந்து பார்ப்பார். கிளாக்கர் பத்துச் சுளகு கலந்து வைப்பார். நூறுக்காரர் சரியாகத் தரம் பிரித்தால் இருக்கலாம். தவறினால் மறுநாளே வேறு ஆள்.

அம்மா என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே அச்சடிக்க மாட்டார்கள். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, நான் வேணும்னு சொல்லலைங்க."

"நீங்க என்னா செய்வீங்க பள்ளிக்கூடம், புத்தகத்துல இருக்கிறதைச் சொன்னீங்க." கையிலிருந்த கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். "கோளாறு தலையிலயோ கால்லயோ எங்க வேணும்னாலும் இருக்கட்டும். இந்த வாசல்ல நிக்காட்டி நான் வேற எங்க போய் நிக்கிறது? அதுதான் தெரியலை."

அந்த மனிதருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. செய்வதற்கு ஒன்று இருந்தது. கிட்டங்கிக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல்லைச் சிவனாக வைத்துக் கும்பிடுவார்கள். வியாழனுக்கு வியாழன் அந்தச் சிவனுக்கு மாலை கட்டுவது நூறுக்காரர். இப்போது அவருடைய ஒற்றைக் கண்ணுக்கு அந்தி வெளிச்சத்தில் நாரும் காம்பும் தெரியவில்லை. அந்த வாரம் சிவனுக்கு மாலை தவறிவிடுமே என்று தவித்தார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேரே போய் நானே பூப் பறித்துக் கட்டினேன். காம்பு ஒடித்து ஒடித்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. வியர்த்து வழிந்ததை இடையிடையே துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தவள், என் முகத்தைத் திருப்பிப் பார்த்து அலறினாள். தெருவே கூடிவிட்டது. என் வலது கண்ணில் கடலை, இடது கண்ணில் கடுகு.

"படிச்சுப் படிச்சு என் புள்ள கண்ணு போச்சே! வேணாம்னு சொன்னேனே, கேட்டாளா?" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். வேணாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலையில் அதை எல்லோரும் நம்பினார்கள். அப்பா வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம். புள்ளைக்கு எழுத்தை விடக் கண்ணு முக்கியம்."

கிட்டங்கியில் வேறு கதை ஓடியது. நூறுக்காரர் கண் எனக்குத் தொற்றிவிட்டது என்றார்கள். அவர் யாரையும் குனிந்து பார்க்கக்கூடாது என்று பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

நான் கூடத்து மூலையில் உட்கார்ந்து முதலில் நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் யோசிக்க நேரம் கிடைத்தது. என் தலை வலிக்கவில்லை. கை கால் விளங்கின. வலது கண்ணை மூடினால் எல்லாம் முன்போலவே தெளிவு. அப்படியானால் கோளாறு தலையில் இல்லை. எனக்கும் அவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அவர் சோறு வேறு, என் சோறு வேறு. அவர் படிக்கவில்லை, ஆகவே படிப்பும் இல்லை. பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. நேற்று மாலை என் விரலில் பிசுபிசுத்தது.

ஓடினேன். நூறுக்காரர் வாசலில் ஒற்றைக் கண்ணோடு நின்றிருந்தார்.

"ஐயா! மாலை கட்டுறப்போ இடது கண்ணைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன்?" என்றவர் கொஞ்சம் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினார். "சாமி முன்னால நிக்கிறப்போ அழுகை வரும் பாருங்க. எனக்கு எப்பவும் இடது கண்ணுலதான் மொதல்ல தண்ணி வரும். துடைப்பேன். வலது கண்ணுக்கு வர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிரும்."

அந்த மாதம் அவரும் நேற்று நானும் கட்டியது மரத்தடியில் புதிதாகப் பூத்திருந்த ஊமத்தம் பூ. அது சிவனுக்கு உகந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஊமத்தையை ஆடு கூடத் தின்னாது, அது விஷம் என்றும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் தெரிந்துவைத்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் கை கழுவத் தோன்றவில்லை.

சனிக்கிழமை துரை வந்தார். வெயில் கொளுத்தியது. தொப்பியோடு அவர் வாசற்படி தாண்டியதும் நூறுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"நில்லுங்க துரை. பொட்டு விரியட்டும்."

"இண்டைக்குமோ!" என்றார் கிளாக்கர். "ஐயா, வேலை போற நாளிலயும் எண்ணப்போறீரோ?"

"வேலை போறது என் பாடு. கொட்டை என்ன பாவம் செஞ்சுச்சு?"

துரை நின்றார். நூறுக்காரர் எண்ணினார். ஐம்பத்தொன்பது, எழுபது என்று அவர் தாவியபோது முதன்முறையாக நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். எழுபத்தொன்றில் குரல் ஒரு கணம் தடுக்கியது.

எண்ணி முடித்ததும் துரை தோட்டத் தமிழில் கேட்டார். "இது ஆள் கண்ணு என்னா ஆச்சி?"

கிளாக்கர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். இரவெல்லாம் பழகிய மூன்று நீள இங்கிலீஷ் வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. துரையின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் மூன்றும் பாலம் தாண்டி ஓடிவிட்டன. மிஞ்சியது இவ்வளவுதான்:

"ஃபிளவர், சார். ஹேண்ட். ஐ."

ஒவ்வொரு சொல்லுக்கும், கொண்டுபோயிருந்த ஊமத்தம் பூவையும் என் கையையும் என் கண்ணையும் காட்டினேன். எங்கள் வம்சத்தில் ஒருவர் பேசிய முதல் இங்கிலீஷ் அது. துரை என் வலது கண்ணைப் பார்த்தார். நூறுக்காரரின் இடது கண்ணைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. சீமையில் டாக்டர் ஒருவர் கண்ணின் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்று இதே மாதிரி ஒரு செடிச் சாறு மருந்தைத் தன் கண்ணில் விட்டதாகவும், தான் நான்கு நாள் கடிதம் படிக்க முடியாமல் இருந்ததாகவும் சொன்னார். தானாகச் சரியாகிவிடுமாம்.

"ஆனா கொட்டை பார்க்க ஏலுமோ எண்டு பார்க்கவேணுமே, சேர்" என்று கிளாக்கர் விடவில்லை.

நூறுக்காரர் தலைப்பாகையை இறக்கி இடது கண்ணைக் கட்டினார். தூசி என்று சொல்லவில்லை. வலது கண்ணை முதல் சுளகின்மேல் வைத்தார். உடைசல் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், உருண்டை முத்துக்கொட்டை ஒரு பக்கம் என்று விரல் ஓடியது. பெண்கள் முக்காட்டை விலக்கிவிட்டுப் பார்த்தார்கள். பத்தாவது சுளகில் ஒரே ஒரு கொட்டையை எடுத்து மோந்து பார்த்து, துரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது நம்ம சரக்கு இல்லைங்க. யாரோ வேற கிட்டங்கியிலருந்து கொண்டாந்து போட்டிருக்காங்க."

பிறகு கிளாக்கரிடம் போய், வழக்கம்போல முகத்துக்கு அருகில் குனிந்தார்.

"என்னாங்க கிளாக்கரே, இத்தனை நாழியா உள்ளதான நிக்கிறீங்க? பொட்டு ஏன் இப்பத்தான் இவ்வளவு விரியுது?"

துரை மறுபடி சிரித்தார். வாசல் நூறுக்காரருக்கே மிஞ்சியது. மச்சான் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டார்.

என் பள்ளிக்கூடமும் மிஞ்சியது. ஒரு வாரம் கழித்து இரண்டு பொட்டும் சமமானபின் அம்மாவே என்னை அனுப்பினாள். அதற்குள் எனக்குக் கண் பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்தால், அவளுக்கு இடது பொட்டு எப்போதுமே ஒரு மயிரிழை பெரிது! பிறவியிலேயே அப்படி. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உப்பு மிளகாய் சுற்றியவளுக்கே ஒன்றரைக் கண் என்று நூறுக்காரரிடம் சொன்னேன். "அது தெரியும். வந்த மொத நாளே பார்த்தேன்" என்றார். "ஏன் சொல்லலை?" என்றேன். "பயந்துரும்ல?" என்றார். நான்கு வரி படித்த எனக்கு அது தோன்றாமல் போனது. திடீரென்று ஒரு பொட்டு மாறி, தலைவலியும் சேர்ந்துவந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும் என்று பிறகு ஒரு டாக்டர் சொல்லக் கேட்டேன். ஆகவே என் புத்தகம் முழுப்பொய் சொல்லவில்லை. நான்தான் முழுப்புத்தகம் படிக்கவில்லை.

சிவனுக்கு அதன்பின் வில்வம். கூடவே அம்மாவின் கட்டளை ஒன்று: "அண்ணே, அழுறதுன்னா கை கழுவிட்டு அழுங்க."

பிறகு காப்பிச்செடியில் இலைநோய் விழுந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக, கிட்டங்கியையும் பூட்டினார்கள். நூறுக்காரர் ஊருக்குப் போக முடிவு செய்தார். பேராதனை ஸ்டேஷனில் அம்மாவும் நானும் வழியனுப்பினோம். வெயிலிலிருந்து ரெயில்பெட்டிக்குள் ஏறியவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். பின்னால் மூட்டைகளோடு இருபது பேர் கத்தினார்கள்.

"யோவ், உள்ள போய்யா!"

"நில்லுங்க, பொட்டு விரியட்டும்" என்று அவர் எண்ணத் தொடங்கினார். அவர் நூறை முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

இப்போது அம்பிட்டியவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்கிறேன். இடைவேளை முடிந்து வெயிலிலிருந்து வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி எண்ணிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். போன வாரம் முன்வரிசையில் நின்ற ஒரு வண்டிக்காரர் மகள் கையைத் தூக்கினாள்.

"அம்மா, ஐம்பத்தொன்பதுக்குப் பொறகு அறுபது வரணும். தினமும் விட்டுர்றீங்க."

"தெரியும், உள்ளே வா" என்றேன். தெரியும்தான். திருத்திக்கொள்ள எனக்குத்தான் மனம் வருவதில்லை.